ஐஸ் பெட்டிக்காரருக்கு ஒரு வெப்சைட்

1. காப்பு கட்டியவர்கள் வந்த காலை

சித்திரை மாதத்தில் ஒரு காலை, எங்கள் ஆபீஸ் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வெப்சைட் செய்ய வருகிறவர்கள் மெதுவாக ஏறுவார்கள், பாதியில் நின்று இது சரியான இடம்தானா என்று கீழே செல்போன் கடைக்காரரைக் கேட்பார்கள். சண்டைக்கு வருகிறவர்கள் யாரையும் கேட்பதில்லை.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அந்த செல்போன் கடையின் மேல்மாடிதான் எங்கள் ஆபீஸ். வெப்சைட் செய்து தருவோம். செய்ததைத் தேடலில் மேலே கொண்டுவருவோம். இந்த இரண்டாவது வேலைக்கு எஸ்.இ.ஓ. என்று பேர். விழுப்புரத்தில் ஒரு டி.டி.பி. சென்டரில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்த நான், அந்த வேலை படுத்த பிறகு இதற்கு வந்தேன். என்ன வேலை என்று என் வீட்டில் இன்றுவரை யாருக்கும் தெரியாது. யாராவது கேட்டால், "உமா கம்ப்யூட்டர்ல இன்னாவோ பண்ணிக்கினு இருக்குது" என்று மாமியார் சொல்லிவிடுவார். அதுவும் தப்பில்லை.

வந்தவர்கள் மூன்று பேர். மூவர் கையிலும் மஞ்சள் காப்பு. முன்னால் நின்றவர் பெயர் செல்வராசு. ஓமந்தூர் பக்கம் ஒரு கிராமம், சொந்த நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுகிறவர், ஊர்த் தீமிதி கமிட்டியில் முக்கியமானவர். அந்த ஊரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை எழுதிப் பட்டது போதும்.

தன் போனை என் மேஜைமேல் வைத்தார்.

"எங்க ஊர் பேரைப் போட்டுத் தேடும்மா."

தேடினேன். முதல் இடத்தில் நாங்கள் செய்த பக்கம் வந்தது. ஊரின் பெயர், பக்கத்தில் ஒரு கோடு, அதன் பிறகு: "மரணம் நிகழ்ந்ததா? உடனே அழையுங்கள். ஐஸ் பெட்டி எந்நேரமும் தயார்."

"நாங்க காப்பு கட்டிக்கினு பாரதக் கூத்து வுட்டுக்கினு இருக்கோம். மெட்ராஸ்ல கீற ஜனமெல்லாம் தீமிதி என்னிக்குன்னு ஊர் பேரைப் போட்டுப் பாக்குது. பாத்தா இது வருது. எங்க ஊர்ல யார் சாவணும்னு காத்துக்கினு இருக்கீங்க?"

முதல் இடத்துக்கு வராததற்காக நான் நிறையத் திட்டு வாங்கியிருக்கிறேன். வந்ததற்காக வாங்கியது அன்றுதான்.

எங்கள் முதலாளி தனசேகர் சார் உள்ளறையிலிருந்து வெளியே வந்தார். டெக்னிக்கல் எரர் என்றார். உடனே எடுத்துவிடுகிறோம் என்றார். எடுத்தும் விட்டோம். ஆனால் ஒரு பக்கத்தை நம் பக்கத்தில் அழித்தாலும் தேடலில் சில நாட்கள் அதன் தலைப்பு தெரிந்துகொண்டுதான் இருக்கும். இதை அவர்களுக்கு விளக்கினோம். கேட்டுக்கொண்டே செல்வராசு தன் போனில் திரும்பத் திரும்பத் தேடினார். ஒவ்வொரு முறையும் அது வந்தது. ஒவ்வொரு முறையும் எங்களிடம் காட்டினார்.

அது போனால்தான் நாங்கள் போவோம் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தார்கள். காப்பு கட்டியவர்கள் வெளியில் சாப்பிடமாட்டார்கள் என்பதால் நாங்கள் வாங்கிவைத்த டீயும் ஆறிப்போனது. கடைசியில் எழுந்தபோது செல்வராசு கத்தவில்லை, சாதாரணக் குரலில்தான் சொன்னார்.

"அந்தப் பொட்டிக்காரன் எவனோ, அவன் வண்டி இனிமே எங்க ஊர் எல்லையத் தாண்டக் கூடாது. சொல்லிடுங்க."

2. யாரும் நம்பர் வாங்காத மனிதர்

அந்தப் பொட்டிக்காரர் ஏழுமலை. சென்னையில் ஒரு கம்பெனி வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். பெண்டாட்டி சாந்தியும் பிள்ளைகளும் திண்டிவனத்தில். பிள்ளைகள் அவரைப் பண்டிகைக்குப் பண்டிகை பார்த்தார்கள். இதற்காகவே சென்னையை விட்டுவிட்டு வந்து, ஒரு பழைய வேனும் இறந்தவரை வைக்கும் ஐஸ் பெட்டி இரண்டும் வாங்கித் தொழில் ஆரம்பித்தார்.

மற்றத் தொழிலுக்கும் இந்தத் தொழிலுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. எலெக்ட்ரீஷியன் நம்பரைச் சுவரில் எழுதி வைப்போம். கேஸ் நம்பரை பீரோ கதவில் ஒட்டுவோம். ஐஸ் பெட்டிக்காரர் நம்பரை எந்த வீட்டிலும் வைத்திருக்க மாட்டார்கள். போனிலும் சேமிக்க மாட்டார்கள். ஏழுமலை ஆர்வமாக விசிட்டிங் கார்டு அடித்தார். டீக்கடையில் ஒருவரிடம் நீட்டினால், அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நல்லா இருப்பா" என்று சொல்லிவிட்டுப் போவார். காரியம் முடிந்த வீட்டில்கூட வாங்குவதில்லை. அங்கே கொடுத்தால் அடுத்ததும் இங்கேதான் என்று அர்த்தமாகிவிடும். கட்டுக் கட்டாக மிஞ்சிய கார்டுகளின் பின்பக்கத்தில் அவர் வீட்டுப் பிள்ளைகள் கணக்குப் போடுகிறார்கள்.

ஆகவே ஒவ்வொரு வீடும் அந்த நேரம் வரும்போது புதிதாகத்தான் தேடும். தேடினால் விழுப்புரத்துக்காரர் ஒருவர்தான் வந்தார். அடுத்த தெருவில் ஏழுமலையின் பெட்டி சும்மா நிற்கும், விழுப்புரத்திலிருந்து பெட்டி வரும்வரை வீட்டுக்காரர்கள் ஃபேனைப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு தடவை அப்படி ஒரு வீட்டில் பெட்டி வர நேரமாகி, வெளியூரிலிருந்து பெண் வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். அந்தப் பெண் தெருவில் புரண்டு அழுததை ஏழுமலை தெருமுனையில் நின்று பார்த்தார். மறுநாள் எங்கள் ஆபீஸுக்கு வந்துவிட்டார்.

"எனக்கு மீட்டிங் கீட்டிங் ஒண்ணும் வேணாம் மேடம். தேடுனா நான் வரணும். அவ்ளோதான்."

வீட்டில் சாந்தி ஒரு கெடு வைத்திருந்தார். ஆடி பிறப்பதற்குள் போன் ஒழுங்காக அடிக்க ஆரம்பித்தால் சரி, இல்லாவிட்டால் பெட்டியை விழுப்புரத்துக்காரருக்கே கொடுத்துவிட்டுப் பழையபடி சென்னை வண்டிக்குப் போய்விட வேண்டும். பிள்ளைகளோடு இருக்கத்தானே இந்தத் தொழிலுக்கு வந்தது, இருந்தும் அவர்களுக்குச் சோறு போட முடியாமல் எதற்கு என்று சாந்தி கேட்டார். 

3. ஊருக்கு ஒரு பக்கம்

தனசேகர் சாருக்கு எஸ்.இ.ஓ.வில் ஒரே ஒரு வித்தை தெரியும். அதை லொகேஷன் பேஜ் என்பார். ஒரு பக்கம் எழுது, அதை ஊருக்கு ஒன்றாக நகல் எடு, ஊர் பேரை மட்டும் மாற்று. ஏ.சி. மெக்கானிக்குக்கும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்கும் அப்படித்தான் செய்தார். பல நாள் ஓடியது. அதையே ஏழுமலைக்கும் செய்யச் சொன்னார். திண்டிவனத்தைச் சுற்றி எந்த ஊரையும் விடவில்லை. தூரத்தில் இருக்கும் இரும்பை கிராமத்துக்குக்கூட ஒரு பக்கம் இருந்தது.

எல்லாப் பக்கத்திலும் ஒரே விஷயம்தான். அதில் கடைசி வரியும் எங்கள் பழைய டெம்ப்ளேட்டில் உள்ளதுதான்: "நன்றி, மீண்டும் வருக." ஏழுமலை முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு, விரலை அந்த வரியில் வைத்தார். பிறகு இதை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். துக்க வீட்டில் வா என்றும் சொல்லமாட்டோம், போய்வருகிறேன் என்றும் சொல்லமாட்டோம். அதை எல்லா ஊருக்கும் சேர்த்து நாங்கள் சொல்லி வைத்திருந்தோம்.

வரவேற்பை எடுத்தோம். ஊர்ப் பெயர்களை எடுக்கவில்லை. அதன் பலன்தான் செல்வராசு.

அந்த ஊரோடு முடியவில்லை. தீமிதிக்கு வந்த சொந்தக்காரர்கள் மூலம் விஷயம் பக்கத்து ஊர்களுக்கும் போனது. எங்கள் ஊர் பேரும் இருக்கிறதாமே என்று வரிசையாக போன் வந்தது. இருந்தது. எல்லாவற்றையும் எடுத்தோம். வெப்சைட்டில் ஏழுமலையின் பெயர், நம்பர், பெட்டியின் ஒரு போட்டோ மட்டும் மிஞ்சியது. அதற்கு முன் கொஞ்சமாவது வந்துகொண்டிருந்த அழைப்பும் பெரும்பாலும் நின்றுபோனது.

தனசேகர் சார் என்னைக் கூப்பிட்டு, இந்த கிளையண்ட்டை விட்டுவிடலாம் என்றார். ஆபீஸுக்கு ராசி இல்லையாம். அவர் வந்த நாளிலிருந்து பிரிண்டர் சரியில்லையாம். எனக்குக் கோபம் வந்தது. பிரிண்டர் நான் சேர்ந்த நாளிலிருந்தே சரியில்லை. ஆடிவரைக்கும் என்னிடம் விடுங்கள், பேஜை நான் என் இஷ்டத்துக்கு எழுதுகிறேன் என்றேன். அவருக்கு அந்தப் பேச்சே சீக்கிரம் முடிந்தால் சரி என்றிருந்தது. ஒத்துக்கொண்டார்.

4. மாடிப்படியில் கேட்ட கேள்விகள்

நான் முதலில் செய்தது, ஏழுமலையை மத்தியான நேரத்தில் எங்கள் ஆபீஸில் வந்து உட்காரச் சொன்னது. போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுங்கள், நான் கேட்க வேண்டும் என்றேன். அந்த போன் ஆபீஸுக்குள் அடிப்பதற்குத் தனசேகர் சார் சம்மதிக்கவில்லை. அதனால் மாடிப்படி திரும்பும் இடத்தில் இரண்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம்.

அழைப்பு குறைவுதான். வந்தவற்றில் நான் கவனித்தது இது. யாரும் எடுத்தவுடன் வாடகை எவ்வளவு என்று கேட்கவில்லை. மரணம் என்றோ இறுதிச் சடங்கு என்றோ ஒருவரும் சொல்லவில்லை. "அப்பா தவறிட்டாரு." "எங்கூட்ல ஒரு துக்கம்." சிலர் அதையும் சொல்லாமல், "பொட்டி வேணும்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். பெட்டியையும் ஆளுக்கு ஒரு பெயரில் கேட்டார்கள். ஐஸ் பெட்டி, ஃப்ரீசர் பாக்ஸ், கண்ணாடிப் பொட்டி. எங்கள் வெப்சைட்டிலோ "குளிரூட்டப்பட்ட பேழை" என்று இருந்தது. அது தனசேகர் சாரின் தமிழ்.

அதன் பிறகு கேள்வி வரும். எங்கள் வீடு மாடி, ஏறுமா? தெருவில் வண்டி நுழையாது, தூக்கி வருவீர்களா? கரண்ட் போனால் என்ன செய்வது? ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறார், பேப்பர் என்னென்ன வாங்க வேண்டும்? ஒரு பெண் கேட்டார், அம்மா மூக்குத்தியைக் கழற்ற முடியவில்லை, அப்படியே பெட்டியில் வைக்கலாமா என்று. ஏழுமலை, வைக்கலாம், எடுக்கும்போது நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம், இப்போது இழுக்காதீர்கள் என்றார். அந்தப் பெண் சரி அண்ணா என்று சொல்லிவிட்டு வீட்டு முகவரியைச் சொன்னார். 

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கீவேர்டு என்பது தேடுகிறவர் தேடல் கட்டத்தில் போடும் சொல். ரிலேட்டட் கீவேர்டு என்பது அதே விஷயத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் மற்றப் பெயர்களும், அதோடு கூடவே வரும் மற்றக் கேள்விகளும். ஐஸ் பெட்டி என்று எழுதிய பக்கத்தில் மாடிப்படி, கரண்ட், ஜெனரேட்டர், ஆஸ்பத்திரிப் பேப்பர் எல்லாம் இருந்தால்தான், இதை எழுதியவருக்கு விஷயம் தெரியும் என்று தேடுபொறி நினைக்கும். படிக்கிற மனிதரும் அப்படித்தான் நினைப்பார். ஐஸ் பெட்டி, ஐஸ் பெட்டி என்று ஒரே சொல்லைத் திணித்தால் இரண்டு பேருமே நம்பமாட்டார்கள்.

தீம் என்பது அடுத்தது. எல்லாக் கேள்வியையும் ஒரே பக்கத்தில் கொட்டக் கூடாது. ஒரு பக்கம், ஒரு கவலை. மாடி வீட்டுக்காரர் கவலை ஒரு பக்கம். ஆஸ்பத்திரியில் நிற்பவர் கவலை ஒரு பக்கம். கரண்ட் பற்றிய கவலை ஒரு பக்கம். பக்கத்திலிருந்து பக்கத்துக்கு இணைப்பு. இதைத்தான் நான் எழுத ஆரம்பித்தேன். எந்தத் தலைப்பிலும் மரணம் என்ற சொல் இல்லை. எந்தத் தலைப்பிலும் எந்த ஊரின் பெயரும் இல்லை. திண்டிவனம் என்று மட்டும், அதுவும் கீழே, முகவரியில்.

5. பூஜ்யம்

அழைத்தவர்களில் பெரும்பாலானோர் கேட்ட ஒரு கேள்வி இன்னும் பாக்கி இருந்தது. பையன் துபாயிலிருந்து வர வேண்டும், பெண் பெங்களூரிலிருந்து வர வேண்டும், அதுவரை தாங்குமா?

இந்தக் கேள்விக்கு ஒரு தனிப் பக்கம் எழுதலாம் என்று, ஒரு சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று காட்டும் எங்கள் கீவேர்டு டூலில் போட்டுப் பார்த்தேன். தேடல் அளவு பூஜ்யம் என்று காட்டியது. சொல்லை மாற்றிப் போட்டேன், பூஜ்யம். தமிழில் போட்டேன், இங்கிலீஷ் எழுத்தில் தமிழைப் போட்டேன். பூஜ்யத்தில் மாற்றமில்லை.

தனசேகர் சார் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"ஒருத்தரும் தேடாத விஷயத்துக்கு எதுக்கு உமா பேஜ்? டைம் வேஸ்ட்."

மாடிப்படியில் உட்கார்ந்து என் காதால் கேட்டதை அவரிடம் சொன்னேன். டூலில் இல்லையே என்றார். எங்கள் தொழிலில் இதற்கு மேல் விவாதம் கிடையாது. ஆனாலும் எழுதினேன். மக்கள் இப்போதெல்லாம் எழுத்துக் கூட்டித் தேடுவதில்லை, மைக்கை அழுத்திப் பேசுகிறார்கள். ஆளுக்கு ஒரு விதமாகப் பேசுவதால் எந்த ஒரு வாக்கியமும் கணக்கில் ஏறுவதில்லை. இது எனக்குத் தெரிந்திருந்தது. இருந்தாலும் பூஜ்யம் என்று கண்முன் காட்டும்போது எழுதக் கை கொஞ்சம் கூசத்தான் செய்தது.

"வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வரும்வரை" என்று தலைப்பு வைத்தேன். பெட்டி எப்படி வேலை செய்கிறது, இரண்டு நாள் தாங்குமா, கரண்ட் போனால் என்ன ஏற்பாடு, வீட்டில் எந்த அறையில் வைப்பது, திறந்து திறந்து பார்க்கக் கூடாது என்பது ஏன், எல்லாவற்றையும் ஏழுமலையிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். அவர் ஒன்றைக் கேட்டால் மூன்றைச் சொல்கிற ஆள். மூன்றாவது பெரும்பாலும் கதையாக இருக்கும். கதையை எடுத்துவிட்டு மீதியைப் போட்டேன்.

பக்கங்கள் ஏறின. வைகாசி முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. புதுப் பக்கத்தைத் தேடுபொறி கண்டுகொள்ளவே நாளாகும். இதைச் சாந்தியிடம் யார் சொல்வது?

6. குவைத்திலிருந்து ஒரு அழைப்பு

ஆனி பாதியில், வெயில் இன்னும் இறங்காத ஒரு மத்தியானம், ஏழுமலை மாடியேறி வந்தார். வெப்சைட்டை மூடிவிடுங்கள் மேடம் என்றார். விழுப்புரத்துக்காரரிடம் பேசிவிட்டாராம். சென்னைக் கம்பெனியிலும் பேசிவிட்டாராம். சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.  பழக்கத்தில் நானும் எதிர் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

அப்போது போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர். லோன் வேண்டுமா என்று கேட்பார்கள் என்று ஏழுமலை கட் பண்ணப் போனார். எடுங்கள் என்றேன்.

பேசியவர் பெயர் வேலு. குவைத்தில் வேலை. அம்மா காலையில் தவறிவிட்டாராம். அதைச் சொன்னபோது அவர் குரல் நிதானமாகத்தான் இருந்தது. எங்கள் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் பேசுகிறார் என்பது அடுத்த கேள்வியில் தெரிந்தது. இரண்டு நாள் தாங்கும் என்று போட்டிருக்கிறீர்களே, நிஜமாகவா என்றார். ஏழுமலை தாங்கும் என்றார், எந்த ஊர் என்று கேட்டார்.

ஊரைச் சொன்னார். ஏழுமலை என் முகத்தைப் பார்த்தார்.

"சார், உங்க ஊருக்குள்ள என் வண்டிய வுடமாட்டாங்க."

"யாரு?"

"செல்வராசுன்னு ஒருத்தரு. கமிட்டில கீறாரு."

 லைன் போய்விட்டதோ என்று ஏழுமலை போனைத் திருப்பிப் பார்த்தார்.

"அது எங்க அண்ணன்ங்க" என்றார் வேலு. "சாயந்தரமே எடுத்துடலாம்ன்றாரு. விழுப்புரத்துல கேட்டாராம், நாளைக்குத்தான் பொட்டி கிடைக்கும்னு சொல்லிட்டாங்களாம். வெயில்ல வெச்சிக்கினு இருக்க முடியாதுன்றாரு. அவரையும் தப்பு சொல்ல முடியாது. நான் ஏர்போர்ட்டுக்குப் போறதா வேணாமா, அதை மட்டும் சொல்லுங்க."

ஏழுமலை எழுந்துவிட்டார். சாவியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

"நீங்க கெளம்புங்க சார். நீங்க வர்ற வரைக்கும் வெச்சிருக்கறது என் பொறுப்பு."

"அண்ணன்?"

"அவர நான் பாத்துக்கறேன்."

 அவர் எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. படியில் இறங்கும்போது, வெப்சைட்டை மூடுவதா என்று கேட்டேன். அவர் காதில் விழவில்லை.

7. எல்லையில்

மீதி ஏழுமலை சொல்லிக் கேட்டது. அவர் சொன்னதில் கதையை எடுத்துவிட்டுச் சொல்கிறேன்.

ஊர் முனையில், பால் சொசைட்டிக்கு முன்னால் செல்வராசு நின்றிருந்தார். தம்பி வேலு அவரிடம் போனில் பேசியிருந்தார். என்ன பேசினார் என்று யாருக்கும் தெரியாது. தெருவுக்குக் குறுக்கே அவருடைய டிராக்டர் நின்றது. வேண்டுமென்று நிறுத்தியதா, பந்தல் சாமான் இறக்க நிறுத்தியதா என்பதும் தெரியாது. ஏழுமலை எல்லையைத் தாண்டாமல் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நின்றார். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

துக்க வீட்டில் யாரும் யாரையும் வா என்று கூப்பிட முடியாது. கூப்பிடாமல் உள்ளே போகும் தைரியமும் ஏழுமலைக்கு இல்லை. இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு செல்வராசு டிராக்டரில் ஏறி, அதை ஸ்டார்ட் பண்ணி, ஓரமாக மல்லாட்டைக் கொல்லைக்குள் இறக்கி நிறுத்தினார். பயிர் நின்ற கொல்லை. அவருடைய சொந்தக் கொல்லைதான்.

பெட்டியை இறக்கும்போது அவரும் ஒரு பக்கம் தோள் கொடுத்தார். அம்மாவை உள்ளே வைத்து மூடிய பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி வர்ற வரைக்கும் தாங்குமா?"

"தாங்கும்ங்க."

ஏழுமலை வீட்டுக்கு வரவில்லை. கரண்ட் போய்ப் போய் வந்ததால் ஜெனரேட்டரோடு அங்கேயே தங்கிவிட்டார். மறுநாள் மாலை வேலு வந்து சேர்ந்தார். சென்னையிலிருந்து கார் வந்து நின்றதும், கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஏழுமலை வெளியே போய் நின்றுகொண்டார். உள்ளே என்ன நடந்தது என்று அவர் பார்க்கவில்லை. அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது என்றார்.  அந்த மனிதர் பேச்சை நடுவில் நிறுத்தி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

8. வேலு கேட்ட வரி

கருமாதி முடிந்து, குவைத் திரும்புவதற்கு முன்னால் வேலு எங்கள் ஆபீஸுக்கு வந்தார். மொட்டை போட்டிருந்தார். மெதுவாகத்தான் படியேறி வந்தார்.

தனசேகர் சார் அவரைப் பார்த்ததும் ரிவ்யூ எழுதித் தருகிறீர்களா என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வேலு தன் போனில் எங்கள் பக்கத்தைத் திறந்து காட்டினார். இந்தப் பக்கத்தை எழுதினது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். எதிரில் உட்கார்ந்தார்.

"நான் ஐஸ் பொட்டியத் தேடலீங்க. தோணவே இல்ல. ரூம்ல தனியா உக்காந்துக்கினு, நான் போனா எங்கம்மா மூஞ்சியப் பாக்க முடியுமான்னு மைக்கை அழுத்திக் கேட்டேன். உங்க பேஜ் வந்துச்சு."

அந்தப் பக்கத்தில் எல்லாம் இருந்தது என்றார். கரண்ட் பற்றி இருந்தது, அறை பற்றி இருந்தது. படித்து முடித்த பிறகும் கிளம்புவதா வேண்டாமா என்று தெரியாமல்தான் உட்கார்ந்திருந்தாராம். சொந்தக்காரர்கள், நண்பர்கள், எல்லோரும் பார்த்துச் செய் என்றார்கள். கிளம்பு என்று ஒருவரும் சொல்லவில்லை. போனில் ஏழுமலை கிளம்புங்கள் என்றதும் வேலு எழுந்துவிட்டாராம்.

"அதை பேஜ்லயே போட்டுடுங்க. எல்லாருக்கும் போன் பண்ற தெம்பு இருக்காது."

அவர் எதிரிலேயே பக்கத்தைத் திறந்து, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி சேர்த்தேன். "நீங்கள் கிளம்புங்கள். வரும்வரை வைத்திருப்போம்." அவர் தன் போனில் திறந்து பார்த்தார். சரி என்று தலையாட்டினார். போய்வருகிறேன் என்று சொல்லவில்லை, எழுந்து போனார்.

ஏழுமலை சென்னைக்குப் போகவில்லை. ஆடி பிறந்தது, போனது, அழைப்பும் ஒழுங்காக வர ஆரம்பித்தது. இப்போது அவர் வண்டியில் இருக்கும்போது அழைப்புகளைச் சாந்திதான் எடுக்கிறார், அவரைவிடச் சுருக்கமாகப் பேசுகிறார். அந்த ஊரிலிருந்தும் இரண்டொரு முறை அழைப்பு வந்திருக்கிறது.

தனசேகர் சார் அந்த வரியைப் பற்றி ஒரு நாள் என்னிடம் கேட்டார். அதில் கீவேர்டு ஒன்றுகூட இல்லையே, மேலே இருக்கும் இடம் வீணாகிறதே என்றார். இல்லைதான் என்றேன். எடுத்துவிடலாமா என்றார். குவைத்திலிருந்து ஒருவர் கேட்டு வாங்கிய வரி, அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள் என்றேன். அவர் உள்ளறைக்குப் போய்விட்டார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் டூலைச் சொல்லித் தருகிறேன், டைட்டில் எழுதச் சொல்லித் தருகிறேன், அதெல்லாம் ஒரு வாரத்தில் வந்துவிடும். கூடவே இதையும் சொல்கிறேன். பக்கத்தை எழுதி முடித்த பிறகு அதை ஒரு முறை படியுங்கள். தூர தேசத்தில் ஒரு அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் அதைப் படித்து முடித்ததும் எழுந்து நிற்பாரா என்று பாருங்கள். நிற்கமாட்டார் என்று தோன்றினால், இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கிறது.